தரையை அடிக்காதீர்கள்

வணக்கம். நடக்கப் பழகும் குழந்தை வாசல்படியில் இடறி விழுகிறது. வீறிட்டு அழுகிறது. அப்பத்தா ஓடி வந்து தூக்குகிறார். அடுத்து என்ன செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "எங்க தங்கத்த யாரு அடிச்சா? இந்தத் தரையா? இந்தா வாங்கிக்க!" என்று தரைக்கு நாலு சாத்து. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று போடும்.

அப்பத்தாக்களைக் குறை சொல்ல வரவில்லை. அழுகை நிற்கிறது, அது பெரிய காரியம். ஆனால் நடந்தது என்ன? காலைத் தூக்கி வைக்காததால் படி தட்டியது. குழந்தைக்கு அது தெரிந்தால் அடுத்த முறை காலைத் தூக்கி வைக்கும். தரைதான் அடித்தது என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளையால் தரையின் மேல் கோபப்பட மட்டும்தான் முடியும். அதனால் முதலில் வலியைக் கேளுங்கள், தடவிக் கொடுங்கள். அழுகை அடங்கியதும் கையைப் பிடித்து அதே படிக்குக் கூட்டிப் போய், "கால் தட்டிருச்சு, இப்பத் தூக்கி வை பாப்போம்" என்று ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். ஒரு நிமிஷ வேலை.

என் செயலால் ஒன்று மாறும் என்கிற இந்த எண்ணத்தைக் குழந்தைக்குப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. 1969-இல் ரோவி என்ற உளவியலாளர், இரண்டு மூன்று மாதக் குழந்தைகளின் காலில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையில் கட்டினார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிஷங்களிலேயே குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக உதைக்கத் தொடங்கின. மூன்று மாதத்தில் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வயதுக்குள் அதை மறக்கடிப்பது நாம்தான். எப்படி மறக்கடிக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம்ம ஊர்க் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வைகையில் வெள்ளம். கரை உடைகிறது. பாண்டியன் என்ன செய்தான்? கரையை அளந்து வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தான். பிட்டு விற்றுப் பிழைக்கிற வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு. அவளுக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கநாதர் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, மண்ணை அள்ளினார், கொட்டினார், ஆடினார், படுத்துத் தூங்கினார். ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்புக்குப் போகிற எல்லோரும் அடுத்து வரும் பிரம்படியைத்தான் நினைப்போம், அரசன் அடித்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்ததே, அதை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் கேட்டுக்கொள்வது, பிரம்படிக்குப் போகும் முன் கொஞ்சம் நில்லுங்கள். "எல்லாரும் அவங்கவங்க பங்க அடைச்சுட்டாங்க. கிழவி பங்கு மட்டும் அடைபடல. தண்ணி எது வழியா வரும்?" என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை டக்கென்று சொல்லும். வெறும் வாயால் கேட்காமல், வாசலில் மணலை நீளமாகக் குவித்து, வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு சாண் என்று பிரித்து, ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். தண்ணீர் அந்த ஒரு சாணைத் தேடிப் போகும். அந்தச் சாணை அடைக்கச் சொல்லி மறுபடி ஊற்றுங்கள். மணல் காய்ந்திருந்தால் கரை நிற்காது, முதலில் நனைத்துப் பிசைந்துகொள்ள வேண்டும். கதையை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். அந்தக் கரை பிள்ளைக்குப் புரியும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கிற வேலை அதன் பங்காக இருக்க வேண்டும். அது செய்யாவிட்டால் அந்த இடம் அடைபடாது என்று இருக்க வேண்டும். நாம் கொடுப்பதோ பொம்மை வேலை. சின்ன விளக்குமாறைக் கொடுத்துக் கூட்டச் சொல்வோம், பிள்ளை அந்தப் பக்கம் போனதும் நாமே இன்னொரு தடவை கூட்டுவோம். அது பார்க்கவில்லை என்று நினைக்கிறோம். பார்க்கும்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் நான் சிபாரிசு செய்வது பறவைக்குத் தண்ணீர் வைக்கிற வேலை. பங்குனி தொடங்கி வைகாசி வரைக்கும் மதுரை வெயிலில் இதைவிட நிஜமான வேலை கிடையாது. எல்லோரும் வைக்கத்தான் செய்கிறோம், ஆனால் பெரியவர் வைப்பதற்கும் பிள்ளை வைப்பதற்கும் ஏற்பாடு வேறு.

ஒரு சாண் அகலம், இரண்டு அங்குல ஆழமுள்ள மண் சட்டி போதும். பிளாஸ்டிக் வேண்டாம், தண்ணீர் சுட்டுவிடும், விளிம்பில் குருவிக்குக் கால் வழுக்கும். நடுவில் ஒரு தட்டைக் கல், தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி. விழுந்த தேனீயும் அணிலும் ஏறிக்கொள்ள அதுதான் படித்துறை. மொட்டை மாடியில் வைக்காதீர்கள். பிள்ளை தனியாகப் போக முடியாத இடத்தில் வைத்தால் அது உங்கள் வேலையாகிவிடும். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாத கட்டைச்சுவர் நல்லது, நிழல் விழும் பக்கமாக. செடிப் புதரை ஒட்டி இருக்கக் கூடாது, பூனை பதுங்கும். ஊற்றுவதற்குச் சொம்பு, குடம் எல்லாம் கொடுக்க வேண்டாம். அரை லிட்டர் பாட்டில், முக்கால்வாசி நிரப்பி. சிந்தத்தான் செய்யும். சிந்தினால் துடைக்கத் துணியும் அதன் கையில்.

தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர். இந்தத் தேய்ப்பை விடக் கூடாது. டெங்குவைப் பரப்புகிற கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, காய்ந்துகூட மாசக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். பிள்ளையிடமும் இதை அப்படியே சொல்லலாம், புரியும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். முதல் வாரம் ஒரு காக்காய்கூட வராது. பழக நாளாகும். பிள்ளைக்கு மூன்றாம் நாளே சலித்துவிடும். சட்டியில் தண்ணீர் குறைந்ததைக் காட்டி "பாத்தியா, குருவி குடிச்சுருச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். வெயிலும்தான் குடிக்கும். பொய் சொல்லி உற்சாகப்படுத்தினால், செய்ததற்கும் நடந்ததற்கும் உள்ள முடிச்சையே நாம் அவிழ்த்துவிடுகிறோம். அதற்குப் பதில் சட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சலித்த மணலை நகக்கனத்துக்குப் பரப்பி விடுங்கள். அரிசிக் கோலமாவு வேண்டாம், எறும்பு வரும். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மூன்று விரல் முன்னே, ஒரு விரல் பின்னே என்று தடம் இருக்கும். உங்கள் நூறு 'சபாஷ்' அந்தத் தடத்துக்கு ஈடாகாது.

ஒரு நாள் பிள்ளை மறந்துவிடும். அன்றைக்குத்தான் உங்களுக்குப் பரீட்சை. பாவம் என்று நீங்கள் போய் ஊற்றிவிட்டால், அதன் பங்கை நீங்கள் அடைத்துவிட்டீர்கள், 'நான் செய்யாவிட்டாலும் சட்டி நிறையும்' என்பது பாடமாகிவிடும். திட்டவும் வேண்டாம். "சட்டி காஞ்சு கெடக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "இன்னைக்கு உனக்காக நான் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். பங்கு அதன் பேரிலேயே இருக்கும்.

சாக்லேட் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வார்னகன், டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியது: துணி காயப்போடுகிறவர் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவித்தால், ஒன்றரை வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்கள். 2008-இல் அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள். இருபது மாதப் பிள்ளைகளில், உதவியதற்குப் பொருள் பரிசு வாங்கியவர்கள் பிறகு குறைவாகவே உதவினார்கள். வாயால் பாராட்டு வாங்கியவர்களும் ஒன்றும் வாங்காதவர்களும் அப்படிக் குறையவில்லை. பாராட்டும்போதும் "நல்ல பிள்ளை" என்று முடிக்காமல், "நீ சட்டியத் தேய்ச்ச, தண்ணி தெளிவா இருக்கு" என்று செய்ததையும் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உன்னால் மாறும் என்பதை மிரட்டலாகத் திருப்பிவிடக் கூடாது. "நீ சோறு திங்கலைன்னா அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துரும்" என்கிறோம். இந்த வயதில் பிள்ளை தான் மனசில் நினைத்தாலே நடக்கும் என்று நம்பக்கூடியது. அம்மாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் அது தன் மேல் பழி போட்டுக்கொள்ளும். வெளியே சொல்லாது. வீட்டில் நோயோ சண்டையோ என்றால் "இது உன்னால வந்ததில்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் இந்த மதுரையில்தான் தொடங்கியது. சாப்பிட்டு மீந்ததைக் கொட்டும் வாளிக்கு வெளியே தினமும் சாக்பீஸால் மட்டத்தைக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம்: முதலில் ஒரு கரண்டி, வேண்டியவர் கேட்டால் இன்னொன்று. கேட்பது பிள்ளையின் வேலை. கோடு இறங்குகிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். எந்தப் பிள்ளை மிச்சம் வைத்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். பார்த்தால் பயத்தில் திணித்துத் தின்னும், இல்லையென்றால் பக்கத்துத் தட்டில் தள்ளும்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். தெருவுக்கும் கண்மாய்க்கும் வரலாம் என்று கடைசியில் வைத்திருந்தேன். சுருக்கமாக: எரியாத தெருவிளக்கைப் பிள்ளையே படமாக வரைந்து, கம்பத்தின் எண்ணைப் பார்த்து எழுதி, உங்களோடு வார்டு அலுவலகத்துக்கு வந்து தன் கையால் கொடுக்கட்டும். கண்மாயைத் தூர்வாருவது மாதிரிப் பெரிய காரியத்தை முதலில் எடுக்காதீர்கள், ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியக்கூடியதை எடுங்கள். ஒரு வாரம் கழித்து, விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், சாயங்காலம் அந்தக் கம்பத்தடிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எரியவில்லை என்றால் இன்னொரு படம். வணக்கம்.