மான்குட்டியும் சேனைப் பெர்மிட்டும்

நேயர்களுக்கு வணக்கம். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்கு வந்த இளம் வெள்ளைக்காரர் லெனார்ட் வுல்ஃப். 1908இலிருந்து 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். அங்கே கண்டதை வைத்து அவர் எழுதிய ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவல் 1913இல் வந்தது. அதில் வரும் இரண்டு பெட்டைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

வேட்டைக்காரன் சிலிந்துவின் இரட்டைப் பிள்ளைகள் அவர்கள், புஞ்சி மெனிக்காவும் ஹின்னிஹாமியும். காடு கொடியது என்று நாவல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நாங்களும் நம்பி, காடு ஊரை விழுங்கிய கதை என்று சொல்லிவிடுகிறோம். சரி, அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம்.

சேனை என்றால் என்ன என்று வன்னிப் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பது. அதற்குப் பெர்மிட் வேண்டும். அது ஊர்த் தலைவன் பபேஹாமியின் கையில். எங்கள் பழைய விதானையார்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்காரன் பெர்னாண்டோவுக்குப் புஞ்சி மெனிக்கா மேல் கண். சேனையைக் காட்டித்தான் அவளைக் கேட்கிறார்கள். அவள் மாட்டேன் என்றதும் புருஷன் பாபுன் பொய்க் களவு வழக்கில் மறியலுக்குப் போகிறான். காட்டைப் பங்கு போடும் கையே பெண்ணையும் பங்கு போடுகிறது. இயற்கையை அடக்குவதும் பெண்ணை அடக்குவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பார்ப்பது சூழலியல் பெண்ணியம். அந்தச் சொல்லை 1974இல் பிரான்சுவாஸ் தொபோன் உண்டாக்கினார். கதை அதற்கு அறுபது வருஷம் முந்தியது.

ஹின்னிஹாமியின் கதை இன்னும் கனம். சிலிந்து காட்டிலிருந்து தூக்கிவந்த மான்குட்டிக்கு அவள் தன் பிள்ளையோடு சேர்த்து முலை கொடுக்கிறாள். அது வளர்ந்து அவள் பின்னாலேயே திரிகிறது. ஊருக்குக் கெட்ட காலம் வந்ததும் பழி அந்த மானின் தலையில் விழுகிறது. தூண்டிவிடுபவன் வைத்தியன் புஞ்சிராள, அவள் விட்டுவிட்டு வந்த ஆள். கல்லெறிந்து மானைக் கொல்கிறார்கள். அவளும் அதிக நாள் இருக்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். இந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு ‘பெண்ணே இயற்கை’ என்று பாட எனக்கு விருப்பமில்லை. வுல்ஃபும் இந்தப் பிள்ளைகளை மிருகங்களோடு ஒப்பிட்டபடியே இருக்கிறார். அந்தப் பார்வைக்கும் கச்சேரி மேசைக்கும் தூரம் குறைவு. அவள் பால் கொடுத்தது அவளுடைய தீர்மானம், சுபாவம் அல்ல.

கடைசியில் ஊர் காலியாகிவிடுகிறது. பபேஹாமி இல்லை, பெர்னாண்டோ இல்லை, பெர்மிட் கேட்கவும் ஆள் இல்லை. புஞ்சி மெனிக்கா மட்டும் குடிசையில் பட்டினி கிடக்கிறாள். வாசலில் ஒரு காட்டுப்பன்றி. சின்ன வயதில் தகப்பன் சொன்ன காட்டுப் பேய்தான் வந்துவிட்டது என்று அவள் ‘அப்பொச்சி, அப்பொச்சி’ என்று தகப்பனைக் கூப்பிட்டுக் கத்துகிறாள்.