குச்சிப் பஞ்சில் ஒட்டிய மஞ்சள்
(கிராம சுகாதார செவிலியர்கள் கூட்டத்தில் ஒரு மகப்பேறு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளைப்படுகிறது என்று ஒரு பெண் சொன்னால், நம் பக்கம் உடனே "உடம்புச் சூடு" என்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி என்பார்கள். சரி, குடிக்கட்டும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தார்களா?

பிறப்புறுப்புப் பாதையில் வரும் தொற்று வேறு, கர்ப்பப்பை வாயில் வரும் அழற்சி வேறு. பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் முன்னதற்குப் பச்சைக் கிட், பின்னதற்குச் சாம்பல் நிறக் கிட் என்று மருந்துப் பொட்டலங்கள் உண்டு. பாதையை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்காமல் பச்சையைக் கொடுத்து அனுப்பினால், உள்ளே இருக்கும் கிளமிடியா என்ற, உறவில் பரவும் கிருமியை அந்த மருந்து தொடவே தொடாது. அது மெல்ல ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடலாம். பிறகு குழந்தையில்லை என்று அந்தப் பெண் கோயில் கோயிலாக அலைவாள்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. கர்ப்பப்பை வாயின் துவாரத்தில் பஞ்சுக் குச்சியை மெதுவாக வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பஞ்சில் மஞ்சள் ஒட்டியிருந்தால் அது சீழ். குச்சி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தாலும் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அனுப்பிவையுங்கள். புற்றுநோய்ச் சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

வெறும் சிவப்பு மட்டும் நோய் ஆகாது. இளம் வயதிலும் கர்ப்ப காலத்திலும் கர்ப்பப்பை வாயின் உட்புற மென்தோல் சிவப்பாக வெளியே தெரியலாம். அதைப் போய் "எரோஷன்" என்று சீட்டில் எழுதி, கர்ப்பப்பையில் புண் என்று பயமுறுத்தி, முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

காரணக் கிருமிகளில் கிளமிடியாவும், வெட்டை என்று நாம் சொல்லும் கொனோரியாவும் முக்கியம். மைக்கோபிளாஸ்மாவும் ஹெர்ப்பிஸும்கூட உண்டு. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை உப்புநீர்ச் சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் எடுத்த கையோடு பார்க்கணும். டீ குடித்துவிட்டு வந்தால் அசைவு நின்றிருக்கும், "இல்லை" என்று எழுதிவிடுவோம். கிளமிடியா செல்லுக்குள் ஒளிந்திருப்பது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அகப்படாது. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அதுபோன்ற மரபணுச் சோதனைதான் வேண்டும். இதற்கான மாதிரியை அந்தப் பெண்ணே மறைவில் எடுத்துத் தரலாம். கூச்சப்படுகிறவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், கணவர். "அவருக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர்" என்பார்கள். கிளமிடியா ஆணிடமும் பெண்ணிடமும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சோதனையும் சொல்லாது, நானும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு பேரும் மருந்து எடுக்கணும், 7 நாள் விலகி இருக்கணும், மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இதை அவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.