மேற்கே கறுத்தால் கரைக்கு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கும் பிந்தானுக்கும் ஃபெரியில் போகிறவர்கள், உபின் தீவுக்குப் பம்போட்டில் ஏறுகிறவர்கள், பிடோக் படகுத்துறையில் விடிய விடியத் தூண்டில் போடுகிறவர்கள், துவாஸ் பக்கம் பார்ஜில், அதாவது சரக்கு ஏற்றும் தட்டைப் படகில், வேலை பார்க்கும் தம்பிமார் – உங்களை நினைத்துத்தான் இந்த உரையைத் தயாரித்தேன். கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "நம்ம கடல்ல என்ன இருக்கு, குளம் மாதிரி கிடக்கும்" என்று இங்கே பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான நாள்களில் அது சரிதான். காற்று நெடுந்தூரம் தடையில்லாமல் நீரின் மேல் ஓடினால்தான் பெரிய அலை எழும். சிங்கப்பூர் நீரிணை குறுகலானது, சுற்றிலும் தீவுகள். அவ்வளவு ஓட்டத்துக்கு இடமில்லை. ஆனால் அலை சின்னது என்பதற்காக அசட்டையாக இருந்துவிடக் கூடாது. நம் கடலில் ஆபத்து காற்றில் இருக்கிறது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற காற்றில்.

சுமத்ராக் காற்றைத்தான் சொல்கிறேன். மாலுமிகள் அதைச் 'சுமத்ரா ஸ்குவால்' என்பார்கள். இரவில் சுமத்ராவிலிருந்தும் மலாயாக் கரையிலிருந்தும் குளிர்ந்த நிலக்காற்று மலாக்கா நீரிணைக்குள் இறங்கும். இரண்டும் கடலுக்கு நடுவே முட்டிக்கொள்ளும்போது, கீழே உள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே தூக்கப்பட்டு, வரிசையாக இடிமேகங்கள் எழும்பும். மேலே மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று அடித்தால் அந்த வரிசை அப்படியே கிழக்கே நகர்ந்து நம்மை நோக்கி வரும். பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோ வந்து சேரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதற்கான காலம்.

வருவதற்கு முன் சில அடையாளங்கள் உண்டு. மேற்கே இரவெல்லாம் மின்னும். அப்புறம் அடிவானத்தில் ஒரு கரிய மேகம் வில்லாக வளைந்து எழும். அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுபோகும். பலர் ஏமாறுவது அந்த இடத்தில்தான். கடல் அடங்கிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை அவிழ்ப்பார்கள். சில நிமிடங்களில் காற்று திசை மாறி, குளிர்ந்து, பேரிரைச்சலோடு அடிக்கும். மாலுமிகள் காற்றை 'நாட்' கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று சொல்வார்கள். 10 நாட் காற்று 40 நாட் ஆனால், அது படகைத் தள்ளும் விசை 4 மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். 2024 செப்டம்பர் 17 அன்று மரங்களைச் சாய்த்த காற்று நினைவிருக்கலாம். அன்று சிங்கப்பூரின் மேற்கே தெங்காவில் மணிக்கு 83 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25 அன்று பதிவான 144.4 கிலோமீட்டர்தான் சிங்கப்பூரில் இதுவரை அளந்ததில் உச்சம்.

"இதை முந்தின நாளே துல்லியமாகச் சொல்லக் கூடாதா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வானிலையாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பூமி சுழல்வதால் காற்று வளைகிறது. பூமத்திய ரேகைக்கு வெறும் 1.3 பாகை வடக்கே இருக்கும் நமக்கு அந்த வளைவு ஏறக்குறைய இல்லை. அதனால் மற்ற நாடுகளைப்போல அழுத்தக் கோடுகளை வரைந்து காற்றைக் கணிக்க முடியாது. காற்றோட்டத்தையே கோடுகளாக வரைந்துதான் பார்க்க வேண்டும். இங்கே காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானி தினமும் காலை 10 மணிவாக்கில் ஏறி, மாலை 4 மணிவாக்கில் இறங்கும், இரவிலும் அப்படியே. அது இங்குள்ள காற்றழுத்தத்தின் அன்றாடப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கழித்த பிறகும் வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் உஷாராக வேண்டும் என்று மாலுமிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயலே வராது என்பார்கள். அதையும் முழுதாக நம்பாதீர்கள். 2001 டிசம்பர் 26 அன்று, ஏறத்தாழ 1.4 பாகையில் வாமெய் என்ற புயல் உருவாகி, மறுநாள் சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் ஜோகூர்க் கரையைத் தொட்டது.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கடல் முன்னறிவிப்பில் 'அலை உயரம் 2 மீட்டர்' என்றால், எந்த அலையும் 2 மீட்டரைத் தாண்டாது என்று பொருளல்ல. எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். இடையில் ஒரு தனி அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கும் எழலாம். ரஜூலா, சிதம்பரம் ஆகிய கப்பல்களில் வங்கக் கடலைக் கடந்து வந்த நம் பெரியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். தென்சீனக் கடல் திறந்த கடல், வடக்கிலிருந்து காற்று தடையில்லாமல் ஓடிவரும். நம் நீரிணையில் வேறு சங்கதி: நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போனால், சின்ன அலையும் செங்குத்தாக எழுந்து சிறு படகுக்குள் நீரை வாரிப்போடும்.

சரி, என்ன செய்யலாம்? காலையில் கேட்ட முன்னறிவிப்போடு நிற்காதீர்கள். இடிமேகம் ஒன்று பிறந்து மறைய ஒரு மணி நேரமே போதும். கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மழை ராடார் படத்தைத் திறந்து, மேற்கே மேகவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த 2 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு 'மைஎன்வி' செயலியில் கிடைக்கும். படகுத்துறையில் தூண்டில் பிடித்து நிற்கிறவர்கள் இடி கேட்டதுமே நகர்ந்துவிடுங்கள். சுற்றிலும் நீர், அங்கே உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் தூண்டில் கம்பும்தான்.

பார்ஜில் இருக்கும் தம்பிமார், மேற்கே கறுத்தது கண்ணில் பட்டால் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கிரேனின் கையை இறக்கவும், கட்டுக் கயிறுகளைக் கூட்டிப் போடவும், தளத்தில் தளர்ந்து கிடப்பதைக் கட்டிவைக்கவும் நேரம் வேண்டும். காற்று வந்த பிறகு அந்த நேரம் கிடைக்காது. உயிர்காப்பு அங்கியின் வாரை அதற்கு முன்பே இறுக்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.