எவ்வளவு வெட்டினால் போதும்?

எல்லோருக்கும் வணக்கம்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று பெயர். ‘அம்மாவுக்கு இருபத்தஞ்சு கரண்ட் சொல்லியிருக்காங்க’ என்பார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் அதைத் திருத்தப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். ஷாக் அடிக்குமா என்று யாராவது பயந்தால் மட்டும் உட்கார வைத்து விளக்குவேன். அடிக்காது. மேஜையில் சில நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கதிர் உள்ளே போவதே தெரியாது. தோல் கறுப்பதும் எரிவதும் பின்னால்தான் வரும்.

மார்பகத்தில் புற்றுக் கட்டி வந்தவருக்கு இன்று கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமுள்ள மார்பகத்துக்குக் கரண்ட் வைக்கிறோம். சாதாரண விஷயமாகிவிட்டது. இது சாதாரணமாவதற்கு எண்பது, தொண்ணூறு வருடம் பிடித்தது. அந்தக் கதையில் வருகிற ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் வேரா பீட்டர்ஸ். கனடாக்காரர், கதிர்வீச்சு மருத்துவர்.

முதலில் அவர் எதை எதிர்த்து நின்றார் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். 1894இல் தன் அறுவை முறையைப் பற்றி எழுதினார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் (கிருமியைத் தடுக்கிற சிறு சிறு முடிச்சுகள்) எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது. புற்றுநோய் ஒரு இடத்தில் தொடங்கி, வரிசையாக அடுத்தடுத்த இடத்துக்குப் போகிறது, ஆகவே வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் நோயாளிகள் வரும்போதே கட்டி முற்றியிருக்கும், அதற்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அறுவைக்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு விலா எலும்பின் மேல் தோல் மட்டும் மிஞ்சும். பலருக்குக் கை யானைக்கால் மாதிரி வீங்கும். தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சேலை உலர்த்த முடியாது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கட்டி சிறியதாக இருந்தாலும் இதே அறுவைதான், ஏறக்குறைய எழுபது, எண்பது ஆண்டுக் காலம்.

இன்னொன்றும் நடந்தது. கட்டி புற்றுதானா என்று பார்க்க மயக்க மருந்து கொடுப்பார்கள். ஒரு துண்டை எடுத்து அப்போதே உறையவைத்துப் பார்ப்பார்கள். புற்று என்றால் எழுப்பிக் கேட்பதில்லை, மேலே தொடர்ந்துவிடுவார்கள். மார்பு இருக்குமா, இருக்காதா என்று தெரியாமலேயே ஒரு பெண் கண்ணை மூடுவாள். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

வேரா பீட்டர்ஸ் 1911இல் டொரன்டோ நகரத்துக்கு வெளியே ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 1934இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அவருடைய தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கார்டன் ரிச்சர்ட்ஸ் என்கிற கதிர்வீச்சு மருத்துவர், தானாகக் கதிர் வீசும் உலோகமான ரேடியத்தை வைத்துச் சிகிச்சை செய்தார். தாயின் படுக்கை அருகே நின்ற மகள், அந்த மருத்துவரிடமே வேலை கற்கச் சேர்ந்துவிட்டார். அப்போது இந்தத் துறைக்கென்று ஒழுங்கான பட்டப்படிப்பு கிடையாது. குருவோடு கூடவே நின்று கற்றுக்கொள்வதுதான், நம் ஊரில் சிற்பம், தவில் கற்பது போல.

அவருடைய முதல் பெரிய வேலை மார்பகத்தில் இல்லை. ஹாட்ஜ்கின் நோய் என்று நிணநீர் முடிச்சுகளில் வரும் ஒரு புற்று. வந்தால் போய்ச் சேர வேண்டியதுதான் என்று மருத்துவப் புத்தகங்கள் எழுதி வைத்திருந்தன. ரிச்சர்ட்ஸ் தன் பழைய நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பீட்டர்ஸ் 113 பேருடைய தாள்களைப் புரட்டினார். ஐந்தாண்டு கடந்தும் 51 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்! 1950இல் அதை வெளியிட்டார். ரிச்சர்ட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பல ஆண்டுகள் யாரும் பெரிதாக நம்பவில்லை.

இந்தக் கேஸ் ஷீட் புரட்டும் பழக்கம்தான் முக்கியம். விஞ்ஞானி என்றால் சோதனைக் குழாயும் வெள்ளைக் கோட்டும் நமக்குக் கண்முன் வரும். பீட்டர்ஸுக்குப் பரிசோதனைக்கூடம் என்றால் மருத்துவமனையின் ரெக்கார்டு அறை.

மார்பகத்துக்கு வருவோம். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுப்பதை அவர்தான் முதலில் யோசித்தார் என்று சொன்னால் தவறு. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்பவர் 1920களிலேயே ரேடிய ஊசிகளை மார்பகத்தில் குத்தி வைத்துச் சிகிச்சை செய்தார். பொருளாதார மேதை கெய்ன்ஸ் இருக்கிறாரே, அவருடைய தம்பி. நல்ல பலன் கிடைத்தது. ஆனால் சக மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை, அதற்குள் உலகப் போரும் வந்துவிட்டது.

டொரன்டோவிலும் சில பெண்கள் பெரிய அறுவை வேண்டாம் என்று மறுத்தார்கள். அவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தார்கள். பீட்டர்ஸ் அவர்களை வருடக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தார். அப்புறம் ரெக்கார்டு அறைக்குப் போனார். இப்படிச் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே வயது, அதே அளவுக் கட்டியோடு பெரிய அறுவை செய்துகொண்டவர்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வரன் பார்க்கும்போது ஜாதகம் பொருத்துவது மாதிரி. எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதில் வித்தியாசமே இல்லை. 1975இல் கனடாவின் ராயல் காலேஜ் மருத்துவர்கள் முன்னிலையில் இதைச் சொன்னார்.

அறுவை மருத்துவர்கள் ஏற்கவில்லை. இது நிரூபணம் ஆகாது என்றார்கள். நேர்மையாகச் சொன்னால், அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தாள்களைப் பொருத்திப் பார்ப்பதில் கண்ணுக்குத் தெரியாத பாரபட்சம் நுழையலாம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்துச் சோதித்தால்தான் உறுதி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அதே உறுதியை ஹால்ஸ்டெட்டின் அறுவையிடம் யாரும் கேட்கவில்லையே! அதுவும் சீட்டுக் குலுக்கிச் சோதித்த பிறகு வழக்கத்துக்கு வந்ததில்லை. பழையது என்பதாலேயே அதற்குச் சான்று தேவைப்படவில்லை. எனக்கு வருத்தம் அங்கேதான்.

சோதனைகள் வந்தன. இத்தாலியின் மிலன் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973இல் தொடங்கினார், 701 பெண்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கினார். 2002இல் இரண்டு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவும் ஒரே இதழில் வெளிவந்தன. முழு மார்பகத்தை எடுத்தவர்களும் காப்பாற்றியவர்களும் ஒரே அளவில்தான் வாழ்ந்திருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்காமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர் கொடுத்தவர்களில் 14 சதவீதம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஆபரேஷன்தான் முடிஞ்சுதே, தையலும் பிரிச்சாச்சு’ என்று கரண்ட் வைக்க வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. மார்பகத்தைக் காப்பாற்றுகிற ஒப்பந்தத்தில் கதிரும் ஒரு பங்கு, அதை விட்டால் ஒப்பந்தம் செல்லாது. எல்லோருக்கும் இது பொருந்தும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கட்டி ரொம்பப் பெரியது, பல இடத்தில் இருக்கிறது, ஏற்கெனவே அந்த இடத்தில் கதிர் வாங்கியவர் என்றால் மார்பகத்தை எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கனடாவுக்கும் நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து கதிர் வீசும் கருவியால் முதல் சிகிச்சை நடந்தது 1951இல், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் என்ற ஊரில். கனடாவிலிருந்து வந்த கோபால்ட் கருவிதான் 1957இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஓடத் தொடங்கியது. அதே ஒன்டாரியோவில் ஹாமில்டன் நகர மருத்துவர்கள், 25 தடவைக்குப் பதில் 16 தடவை கதிர் கொடுத்தாலும் போதும் என்று 2010இல் பத்தாண்டு முடிவோடு காட்டினார்கள். 2020இல் பிரிட்டனில் ஐந்தே தடவை, ஒரே வாரம் என்று வந்திருக்கிறது. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணுக்கு இதன் அருமை தெரியும். ஒரு மாதம் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

பீட்டர்ஸ் 1976இல் ஓய்வு பெற்றார். பின்னாளில் அவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1993இல், தான் வேலை பார்த்த பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையிலேயே காலமானார். கடைசிவரை அவர் சொன்னது, என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கும் இடத்தில் நோயாளியும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

சரி, நான் ரொம்ப நேரம் பேசிவிட்டேன். அந்தக் கடைசி வரிசையில் ஒரு அம்மா வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். தம்பி, மைக்கை அவங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுப்பா.