காரணம் எந்தப் பக்கம் செல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவர் சொன்ன கருத்துக்கு விடை சொல்லாமல், சொன்ன ஆளைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வீட்டுக் கூடத்திலும் அலுவலகக் கூட்டத்திலும் இதைக் கேளாதவர் இருக்க முடியாது. இன்றைய தருக்க நூல்கள் இதைத் தனிநபர் தாக்குதல் என்று பிழைகளின் வரிசையில் வைத்திருக்கின்றன.

பிழைகளை வரிசைப்படுத்துவது மிகப் பழைய வேலை. அரிஸ்டாட்டில் 13 வகை சொன்னார். பழைய இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரம், காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதவற்றை 5 என்று எண்ணியது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது, ஏதுப்போலி, அதாவது போலிக் காரணம், மட்டும் 14 வகை வருகிறது. கதை கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் காதையைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவ்வளவு வறண்ட பகுதி அது. ஆனால் அந்தப் பதினான்கில் ஒன்றை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றாடச் சண்டைகளில் பாதியை அது ஒன்றே விளக்கிவிடும் என்பது என் எண்ணம்.

அதன் பெயர் சாதாரணம். எடுத்துக்காட்டு இப்படிப் போகிறது: ஒலி நிலையற்றது என்று ஒருவர் சொல்கிறார்; ஏன் என்று கேட்டால், அது அறியப்படுகிறது, ஆகவே நிலையற்றது என்கிறார். குடமும் அறியப்படுகிறது, அது நிலையற்றது. ஆகாயமும் அறியப்படுகிறது, அதையோ அன்று வாதிட்டவர்கள் நிலையானது என்று கொண்டார்கள். அப்படியானால் அறியப்படுதல் என்ற காரணம் குடத்தின் பக்கமும் செல்லும், ஆகாயத்தின் பக்கமும் செல்லும். இரு பக்கமும் செல்லும் காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இரு பக்கமும் செல்லும் காரணம் எதையும் நிறுவாது.

இப்போது நம் பேச்சுக்கு வருவோம். "அவன் சுயநலக்காரன், அவன் சொல்வதைக் கேட்காதே" என்கிறோம். சுயநலக்காரன் பொய் சொல்வான், சரி. தனக்கு ஆதாயம் இருக்கும் இடத்தில் அவன் உண்மையையும் உரக்கச் சொல்வான். "நேற்று வந்தவனுக்கு என்ன தெரியும்" என்கிறோம். நேற்று வந்தவர் தவறாகவும் பேசுவார், பழகிப்போன கண்ணுக்குப் படாத ஓட்டையை முதல் நாளே கண்டும் சொல்வார். காரணம் இரு பக்கமும் செல்கிறது. ஆகவே பேசிய விஷயம் பேசிய இடத்திலேயே கிடக்கிறது.

நான் நேரில் பார்த்த ஒரு காட்சியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம். வாடகைக்கு இருந்த ஓர் இளைஞர் எழுந்து, "சார், லிஃப்ட் பராமரிப்புச் செலவு போன வருஷத்தைவிடக் கூடியிருக்கு, ரசீதுகளை ஒரு தடவை எல்லாருக்கும் காட்டினா நல்லா இருக்கும்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "தம்பி, நீங்க வாடகைக்கு இருக்கிறவர். கணக்கெல்லாம் வீட்டுக்காரங்க பார்த்துப்பாங்க" என்றார். இன்னொருவர் உடனே, "போன மாசம் சந்தாவையே லேட்டாத்தானே கட்டினீங்க?" என்று சிரித்தார், கூட்டமும் சிரித்தது. அதுவரை பேசாமல் இருந்த பொருளாளர் எழுந்தார், முகம் சிவந்திருந்தது: "இத்தனை வருஷம் சம்பளம் வாங்காம உழைச்சேன். கடைசியில என்னைத் திருடன்னு சொல்றீங்களா?" இளைஞர், "ஐயோ சார், நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பதில்கள் வந்தன. மூன்றில் ஒன்றுகூட ரசீதைப் பற்றியது அல்ல. லிஃப்ட் செலவு ஏன் கூடியது என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. அதைவிட வியப்பு, அது தெரியாமல் போனது என்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் பதில், கேட்பவரின் இடத்தைக் காட்டி அவரை உட்கார வைப்பது. வாடகைக்கு இருப்பவர் கேட்டாலும் உரிமையாளர் கேட்டாலும் ரசீதில் இருக்கும் தொகை மாறுவதில்லை. சங்க விதிப்படி கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி, அதையும் பேசலாம். ஆனால் அவர்கள் விதியை எடுத்துக் காட்டவில்லை, ஆளைத்தான் காட்டினார்கள். மூன்றாவது பதில், சொல்லாததைச் சொன்னதாக ஆக்கி அதை மறுப்பது. "ரசீதைக் காட்டுங்கள்" என்பது "நீ திருடன்" என்று மாறிவிட்டது. அதை மறுப்பது எளிது. ரசீதைத் தேடி எடுப்பதுதான் சிரமம்.

இரண்டாவது பதிலில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு, ஏனென்றால் நம் வீடுகளில் மிக அதிகமாகப் புழங்குவது அதுதான்: "நீ மட்டும் யோக்கியமா?" புகைபிடிக்கும் மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் புகையை விடச் சொல்கிறார். "நீங்க பிடிக்கிறீங்களே டாக்டர்" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அவர் வாயடைத்துப் போவார், நோயாளிக்கு வெற்றிபெற்ற உணர்வு வரும், நுரையீரலில் எந்த மாற்றமும் வராது. இந்தப் பதில் இவ்வளவு பலமாகத் தோன்றுவதற்குக் காரணம், அதில் ஓர் உண்மை இருப்பதுதான். மருத்துவர் முரண்பாடாக நடக்கிறார் என்பது உண்மை. இளைஞர் சந்தாவைத் தாமதமாகக் கட்டினார் என்பதும் உண்மையாகவே இருக்கட்டும். ஒரு பிழை முழுப் பொய்யாக இருந்தால் நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுவோம். உண்மையான ஒரு செய்தி, தொடர்பே இல்லாத ஒரு முடிவுக்கு முட்டுக்கொடுக்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். திட்டுவதெல்லாம் தருக்கப் பிழை அல்ல. "இந்த வரியில் கூட்டல் தவறு, கவனமே இல்லாத ஆள் நீர்" என்று ஒருவர் சொன்னால் அது மரியாதைக் குறைவு, பிழை அல்ல. கூட்டலைச் சரிபார்த்துவிட்டுத்தான் அவர் திட்டுகிறார். மாறாக, "பாவம், அவர் நல்லவர், அவருடைய அனுபவம் அவ்வளவுதான், விடுங்கள்" என்று தேனாகப் பேசி ஒரு கருத்தை ஓரங்கட்டினால், அதில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் பிழை முழுமையாக இருக்கிறது. குரலின் உயரத்தை வைத்து இதை அளக்க முடியாது. நான் அஞ்சுவது இரண்டாமவரைத்தான்.

அப்படியானால் ஆளைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம், பேச வேண்டிய இடமும் உண்டு. நீதிமன்றத்தில் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்ற அவருடைய சொல்லே அங்கு ஆதாரம் என்பதால் அது முறையானது. வழக்கறிஞர் முன்வைக்கும் வாதம் அப்படியல்ல. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், ஆவணங்களைக் கொண்டு அவர் காட்டுவதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒருவரின் சொல்லை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் அவர் யார் என்று கேளுங்கள். ஆதாரத்தை அவர் நம் முன்னே வைத்துவிட்டால், ஆதாரத்தைப் பாருங்கள். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்குத் தரகு கிடைக்கிறது என்று தெரிந்தால், இன்னொரு இடத்தில் விசாரிப்பதற்கு அது போதும். பொருள் மோசம் என்று முடிவு கட்டுவதற்குப் போதாது.

கடிகாரம் எனக்கு இன்னும் ஒரு நிமிடம்தான் தருகிறது. "எங்களோடு இல்லையென்றால் எங்களுக்கு எதிரி" என்ற இருமுனைப் பிழையையும், "எல்லோரும் சொல்கிறார்களே" என்ற கூட்டத்தின் பலத்தையும் விரித்துப் பேச எண்ணியிருந்தேன்; அவற்றுக்கு இன்று இடமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. எதிராளியின் வாதத்தில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதால் அவருடைய முடிவு பொய்யாகிவிடாது. அந்தப் பொருளாளரின் கணக்கு ஒரு காசு பிசகாமல் இருந்திருக்கலாம். மேலும், வீட்டில் யாரிடமும் "இது தருக்கப் பிழை" என்று பெயர் சொல்லிச் சுட்டாதீர்கள். அது புதிதாக ஒரு சண்டையைத்தான் தொடங்கும். "சந்தா தாமதமானது உண்மைதான், அபராதம் இருந்தால் கட்டிவிடுகிறேன், ரசீதுகளை எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டால் போதும். நன்றி, வணக்கம்.