ஒரே மோரைக் குடித்தும் ஊருக்கு வந்தவர்களுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு ஏன்?

ஆரப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு மகன் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். வெளியில் வாங்கிய மோரை எல்லோரும் குடித்தார்கள். மருமகளுக்கும் பேரனுக்கும் மட்டும் தண்ணீராகப் போயிருக்கிறது. ஈ.கோலையாக இருக்கும் என்றாராம் டாக்டர். "அது எல்லார் குடலிலும் இருக்கிற கிருமிதானே?" என்பது கேள்வி.

இருக்கிறதும்மா. பெரும்பாலும் அது சாதுதான். ஆனால் ஈடெக் என்று ஒரு வகை உண்டு. பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் அடிக்கடி அகப்படுவது அதுதான். நச்சு தயாரிக்கும் மரபணு அதனிடம் கூடுதலாக இருக்கிறது. அதுவும் கிருமியின் முதன்மை டி.என்.ஏ.வான குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட் என்கிற தனி டி.என்.ஏ. வளையத்தில். அதனால் ஈ.கோலை என்று பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. நச்சு மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். போன்ற மரபணுப் பரிசோதனையில்தான் தெரியும்.

நச்சில் இரண்டு வகை. ஒன்று சூட்டில் கெட்டுப்போகும். அது காலரா நச்சுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் ஒத்தது. அந்தக் காலரா நச்சை 1959இல் முயல் குடலில் நிரூபித்தவர் கொல்கத்தாவின் மருத்துவ விஞ்ஞானி எஸ்.என்.டே. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தியே குடலில் நீர் கோக்க வைத்தார். நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

இன்னொன்று வெறும் 18, 19 அமினோ அமிலம் கொண்ட குட்டி நச்சு. கொதிக்க வைத்தாலும் அழியாது. அப்படியானால் தண்ணீரைக் காய்ச்சி என்ன பயன் என்று கேட்காதீர்கள். கிருமி குடலுக்குள் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் இந்த நச்சைச் சுரக்கிறது. காய்ச்சினால் கிருமியே செத்துவிடும்.

இரண்டு நச்சும் குடல் சுவரைப் புண்ணாக்குவதில்லை. உப்பையும் நீரையும் வெளியே தள்ள வைக்கின்றன, திறந்தபடி இறுகிப்போன குழாய் மாதிரி. உங்களுக்கு ஏன் வரவில்லை? இங்கேயே வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்து பழகிப் பழகி ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும். நம் ஊர்க் கைக்குழந்தைகளுக்கு அதுவும் கிடையாது, அவர்களையும் இது வாட்டும்.

சரி, என்ன செய்வது? சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி குடலில் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். ஓ.ஆர்.எஸ். பலிப்பது அதனால்தான். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பேரன் சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.