கடையில் ஒரு பொய், வீட்டில் ஒரு பொய்

சரி, அடுத்த கேள்வி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அனுப்பியிருக்கிறார். "70 டச் கொலுசை, அதாவது நூற்றுக்கு 70 பங்கு வெள்ளி உள்ளதை, 80 என்று சொல்லி விற்கச் சொல்கிறார்கள். போன வாரம் அண்ணன் ஏற்காடு மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு என்பதால் வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். நன்மை தந்தால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்கிறாரே, இரண்டும் தப்பில்லைதானே?"

வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் முழுக் குறளோடு கூப்பிட வேண்டும், தம்பி. 292-வது குறளில் அவர் வெறும் நன்மை என்று விடவில்லை, 'புரைதீர்ந்த நன்மை' என்கிறார். புரை என்றால் குற்றம். துளிக் குற்றமும் கலக்காத நன்மை. உங்கள் பாஷையில் 100 டச்!

கொலுசு பற்றவைக்க வேறு உலோகம் கலந்த பொடி போட்டுத்தான் ஆக வேண்டும், தரம் கொஞ்சம் இறங்கும், அது ஊருக்கே தெரியும். 70-ஐ 70 என்று சொல்லி விற்பதில் ஒரு தப்பும் இல்லை. 80 என்றால், 100 கிராம் கொலுசில் இல்லாத 10 கிராம் வெள்ளிக்குக் காசு வாங்குகிறீர்கள். வாங்கினவருக்கு இது எப்போது தெரியும்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக விற்கப் போகும்போது, இன்னொரு கடைக்காரர் உருக்கிப் பார்த்துச் சொல்லுவார்.

சம்பளத்துக்கு இருப்பவரை முதலாளியோடு சண்டை போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த எண்ணை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். "டச் எவ்வளவுன்னு முதலாளிகிட்டயே கேட்டு, பில்லுல எழுதி வாங்கிக்கங்க அக்கா" என்று சொல்லிவிடுங்கள். அந்த அக்காவுக்குப் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

வீட்டு விஷயம் வேறு. விழுந்த அன்று ராத்திரி சொன்னதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பின்னால் தெரியவரும்போது அம்மாவே "நல்லவேளை, அப்பச் சொல்லாம இருந்தே" என்பாரா? முதல் நாள் பொய்க்கு அப்படிச் சொல்லக்கூடும். ஆனால் ஒரு வாரம் ஆகிவிட்டதே! இப்போது அந்தப் பொய் அம்மாவின் கொதிப்புக்கா, சொல்லும் சங்கடம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்கா? பக்கத்து வீட்டுக்காரர் யாராவது "பெரியவன் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால் கொதிப்பு அப்போதுதான் ஏறும்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மா சாப்பிட்டு மாத்திரை போட்டு முடிக்கட்டும். "கட்டுப் போட்டாச்சு, நல்லா இருக்கான்" என்பதை முதலில் சொல்லுங்கள், விழுந்த கதை அப்புறம். அண்ணனையும் வீடியோ காலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வளைவில் விழுந்தான் என்று அம்மா கட்டாயம் கேட்பார். 20 கொண்டை ஊசி வளைவில் அது எது என்று அவன்தானே சொல்ல வேண்டும்.